நன்னூலுக்கு மாலை, அல்ஃபிய்யாவுக்கு ஏளனமா?

"தலையை ஆட்டி ஆட்டி மனப்பாடம் செய்கிறார்களே, இதுவா கல்வி?" என்று கேட்கிறார்கள். மதரசா என்ற சொல் காதில் விழுந்ததும் முகம் சுளிக்கும் கூட்டம் ஒன்று நாட்டிலே வளர்ந்திருக்கிறதல்லவா, அந்தக் கூட்டத்தாரின் கேள்வி இது. கேட்கட்டும். கேள்வி கேட்பது குற்றமன்று. கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்த இயக்கமே நம்முடையது. பொருள் தெரியாமல் உருப்போடுவதை நம்மைப்போல் கண்டித்தவர் வேறு யார்? ஆனால், கேள்வி கேட்பவன் எல்லா வாசலிலும் நின்று அதே கேள்வியைக் கேட்க வேண்டாமா? வேத பாடசாலை வாசலிலே கைகூப்பி நிற்கிறான், மதரசா வாசலிலே வந்து நின்றுகொண்டு "இதுவா கல்வி?" என்கிறான். நமக்குச் சந்தேகம் எழுவது இங்கேதான்.

அங்கே என்னதான் மனப்பாடம் செய்கிறார்கள் என்று பார்ப்போம். திருமறை ஓதுவது சமயம். அது அவர்கள் உரிமை. அதற்குள் நாம் போகவில்லை. நாம் பேச வந்தது இலக்கணம். அரபு இலக்கணத்தை மாணவனுக்குப் பாட்டாகவே சொல்லிக் கொடுக்கும் ஒரு நூல் இருக்கிறது. எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக மொராக்கோவிலிருந்து மலபார்க் கரையின் பொன்னானி வரையில் மாணவர் வாயில் வாழ்ந்து வரும் நூல் அது. அதன் பெயர் அல்ஃபிய்யா. 'அல்ஃப்' என்றால் அரபியில் ஆயிரம். ஏறத்தாழ ஆயிரம் அடிகளில் மொழியின் இலக்கணம் முழுவதையும் அடக்கிய பாட்டு.

பாடியவர் இப்னு மாலிக். இன்றைய ஸ்பெயின் நாட்டிலுள்ள ஜய்யான் என்னும் ஊரில் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பிறந்து, கீழ்த்திசை நோக்கி வந்து, 1274-ல் டமாஸ்கஸ் நகரத்திலே மறைந்தவர். முதலில் மூவாயிரம் அடிக்குச் சற்றுக் குறைவாக ஒரு பெருநூல் பாடினார். மாணவன் தாங்கமாட்டான் என்று தோன்றியதோ என்னவோ, பிறகு அதையே பிழிந்து ஆயிரமாக்கினார்.

அதே நூற்றாண்டிலே, தமிழ்நாட்டில் என்ன நடந்தது? மூன்றாம் குலோத்துங்கனின் கீழ்ச் சிற்றரசனாக இருந்த சீயகங்கன் கேட்டுக்கொள்ள, பவணந்தி முனிவர் நன்னூல் இயற்றினார். தொல்காப்பியம் என்னும் பெருங்கடலைக் குடத்தில் அடைத்ததுபோல 462 நூற்பாக்கள். டமாஸ்கஸிலே ஒருவர், இங்கே ஒருவர். ஒருவர் பெயரை மற்றவர் கேட்டிருக்க வழியில்லை. ஒருவர் முஸ்லிம், ஒருவர் சமணர். இருவருக்கும் வந்த கவலை ஒன்றே: பெரிய இலக்கணத்தை ஏழை மாணவன் எப்படிச் சுமப்பான்? இருவரும் கண்ட வழியும் ஒன்றே. பாட்டாக்கிக் கொடு, பையன் ஏட்டைத் தேட வேண்டாம், நாவிலே வைத்துக்கொள்வான்!

ஏடு விலையுயர்ந்த பொருளாக இருந்த காலம் அது. ஓலை எழுதுபவனுக்குக் கூலி உண்டு. காகிதத்துக்கும் விலை உண்டு. நினைவுக்கு மட்டுந்தான் வாடகை கிடையாது. பாட்டாக இருந்தால் ஒரு சொல் தவறினாலும் சந்தம் இடறும். இடறிய இடத்திலே பிழை தெரிந்துவிடும். உரைநடையிலே பத்து வார்த்தை விட்டுப்போனாலும் எவன் கண்டான்?

இப்னு மாலிக் எடுத்துக்கொண்ட சந்தத்துக்கு ரஜஸ் என்று பெயர். ஒட்டகம் ஓட்டுவோர் பாட்டிலே பிறந்த சந்தம் என்பார்கள். பெரும்புலவர்கள் அதை மதித்ததில்லை. 'கவிஞர்களின் கழுதை' என்றே அதற்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. எந்தச் சுமையை ஏற்றினாலும் சுமக்குமாம்! வேடிக்கை என்னவென்றால், குதிரையென்று போற்றப்பட்ட சந்தங்களிலே அரசர்களைப் புகழ்ந்து பாடிய எத்தனையோ பாடல்கள் மறைந்தொழிந்தன; கழுதை மட்டும் இலக்கணத்தைச் சுமந்துகொண்டு எழுநூறு ஆண்டு நடந்து வந்துவிட்டது. ஒவ்வொரு அடியையும் இரண்டாகப் பகுத்தால் இரு பாதியும் ஒரே ஒலியிலே முடியும். அடுத்த அடிக்கு வேறு ஒலி. நம் பாட்டுக்குப் பிடி தலைப்பக்கத்திலே, எதுகையும் மோனையும். அவர்கள் பாட்டுக்குப் பிடி கடைசியிலே, நாம் இயைபு என்போமே அது. பிடி எங்கே இருந்தாலென்ன? தூக்குவதற்குத்தானே பிடி.

பாட்டு மட்டும் போதுமா? போதாது என்பது அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். மூலத்தை 'மத்ன்' என்பார்கள், உரையை 'ஷரஹ்' என்பார்கள். அல்ஃபிய்யாவுக்கு எத்தனையோ உரைகள். அவற்றுள்ளே 1367-ல் மறைந்த இப்னு அகீலின் உரைதான் மாணவர் கையில் பெரிதும் புழங்குவது. நன்னூலுக்கு மயிலைநாதர், சங்கர நமச்சிவாயர் என்று உரைகாரர் வரிசை இல்லையா? அதுபோலத்தான். மூலம் மாணவன் வாயிலே. உரை ஆசிரியன் வாயிலே. இரண்டும் சந்திக்கும் இடம் வகுப்பு.

உள்ளே நுழைந்தால் இன்னும் வியப்பு. சொல் மூன்று வகை என்று தொடங்குகிறது அரபு இலக்கணம்: இஸ்ம், ஃபிஃல், ஹர்ஃப். பெயர், வினை, இடை என்று சொன்னால் நம் வீட்டுப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். நாம் உரிச்சொல்லையும் சேர்த்து நான்கென்கிறோம், அவ்வளவுதான் வேறுபாடு. அடுத்தது வேற்றுமை. நமக்கு எட்டு, அவர்களுக்கு மூன்று. நாம் சொல்லின் முடிவிலே 'ஐ' சேர்க்கிறோம், 'ஆல்' சேர்க்கிறோம், 'கு' சேர்க்கிறோம். அவர்கள் சொல்லின் கடைசி உயிரொலியை மாற்றுகிறார்கள். 'உ' என்று முடிந்தால் எழுவாய். 'அ' என்று முடிந்தால் செயப்படுபொருள். முன்னிடைச்சொல் ஒன்று முன்னே வந்தால் 'இ'. கடைசி ஒலியிலே கவனம் தப்பினால் அடித்தவன் அடிபட்டவனாகிவிடுவான்.

அடித்தவன் என்றதும் ஸைதின் நினைவு வருகிறது. நம் இலக்கண உரைகளிலே சாத்தனும் கொற்றனும் வருவார்கள் அல்லவா? சாத்தன் வந்தான், கொற்றன் போனான், சாத்தனது ஆடை. பாவம், நூற்றாண்டுக்கணக்காக வந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள். அரபு இலக்கணத்திலே அந்த இருவர் ஸைதும் அம்ரும். அவர்களுக்குள்ளே தொடர்பு ஒன்றுதான்: ளரப ஸைதுன் அம்ரன். ஸைது அம்ரை அடித்தான்! ஆயிரம் ஆண்டுக்கு மேலாக எந்த வகுப்பிலே நுழைந்தாலும் ஸைது அடிக்கிறான், அம்ரு அடிபடுகிறான். 'ஸைதுன்' என்பதிலுள்ள உகரம் எழுவாய். 'அம்ரன்' என்பதிலுள்ள அகரம் நம் இரண்டாம் வேற்றுமை.

அம்ரு செய்த குற்றம் என்ன? மாணவர்களே ஒரு கதை கட்டி வைத்திருக்கிறார்கள். அம்ரு என்ற பெயரை எழுதும்போது, உமர் என்ற பெயரோடு குழம்பாமல் இருப்பதற்காக, ஒலிக்காத 'வாவ்' என்னும் எழுத்தொன்றைக் கடைசியிலே சேர்த்து எழுதுவது வழக்கம். தாவூது என்ற பெயரிலோ இரண்டு வாவ் ஒலிக்க வேண்டிய இடத்திலே ஒன்றைத்தான் எழுதுவார்கள். ஆகவே தாவூதின் வாவைத் திருடிக்கொண்டவன் அம்ரு. திருட்டுக்குத் தண்டனையாகத்தான் நாள்தோறும் அடிவாங்குகிறான்! எழுத்து வழக்கின் இரண்டு விதிகள் ஒரு சிரிப்போடு மனத்தில் பதிந்துவிட்டன பார்த்தீர்களா? தலையாட்டி மனப்பாடம் செய்கிற கூட்டம் என்று இகழப்படும் மாணவர்கள் தாமே இப்படிச் சிரித்துப் படித்தவர்கள்?

புதுவை நகரத்துக்கு வருவோம். அரபு நமக்கு எங்கோ பாலைவனத்து மொழி என்று நினைப்போர் முல்லா வீதியிலும் காஜியார் வீதியிலும் ஒருமுறை நடந்து பார்க்கலாம். காஜி யார்? தீர்ப்புச் சொல்பவர். அரபியிலே 'காளி' என்று ஒலிக்கும் சொல். ரமளான் என்று எழுதுகிறோமே, அதே எழுத்துத்தான் அந்த 'ள'. தீர்ப்பளித்தல் என்னும் வினையிலிருந்து பிறந்து, அதைச் செய்பவனைக் குறிக்கும் பெயர். நம் இலக்கணத்திலே வினையாலணையும் பெயர் என்கிறோமே அதன் அண்ணன் தம்பி. எழுதுபவன் காதிப், அதே மூன்று மெய்யெழுத்திலே கிதாபு என்றால் நூல், மக்தப் என்றால் எழுதப் படிக்கும் இடம். க, த, ப என்னும் மெய்கள் அசையாமல் நிற்க, இடையிலே உயிர்கள் மாறி மாறி வந்து பொருளைப் புரட்டிப் போடுகின்றன. இந்த அச்சுகளையெல்லாம் பாட்டிலே வார்த்துக் கொடுத்திருக்கிறார்கள் மாணவனுக்கு.

நம் வீட்டு வாசலுக்கே வந்த அச்சுகள் இவை. மகசூல் என்கிறான் உழவன். தாசில்தார் என்கிறது அரசு. ஒரே வேரிலே கிளைத்த சொற்கள்! ஹ, ஸ, ல என்னும் மூன்று மெய் வேர். பெறப்பட்டது மஹ்ஸூல், பெறுவித்தல், அதாவது தண்டுதல், தஹ்ஸீல். விளைந்ததும் தண்டப்பட்டதும் ஒரே வேரென்பதை அரபு இலக்கணம் சொல்லிவிடுகிறது. நம் குடியானவனுக்கு அது இலக்கணம் படிக்காமலே தெரியும்! அசல், நகல், பாக்கி, வசூல், வக்கீல், ரத்து, கைதி, தாலுகா, ஜில்லா - கோர்ட்டுக்கும் கச்சேரிக்கும் போய்வந்த எந்தத் தமிழனும் அரபுச் சொல் பேசாமல் திரும்பியதில்லை. தனித்தமிழ் வேண்டும் என்பவர்கள் நாம். இந்தச் சொற்களுக்கு நல்ல தமிழ்ச் சொற்களை வழங்கச் செய்ய வேண்டும் என்பதிலே நமக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால், வந்த சொல்லின் வேரை அறிவதற்கும் வெறுப்புக்கும் என்ன தொடர்பு?

அரபும் பாரசீகமும் அறிந்தவர்கள் புதுவைக்கு நேற்று வந்தவர்களல்லர். 1740-ல் மராட்டியப் படை ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலியை வீழ்த்தியபோது, அவர் குடும்பத்தாரும் மருமகன் சந்தா சாகிபின் குடும்பத்தாரும் புதுவைக் கோட்டைக்குள்ளே அடைக்கலம் புகுந்தார்கள். ஒப்படைத்துவிடு என்று மராட்டியர் மிரட்டினர். மறுத்தவர் அந்நாளைய கவர்னர் துமாஸ். அவர் பெயரால் துமாஸ் வீதி இன்றும் இருக்கிறது. அந்த வீதியிலேதான் கீழ்த்திசை ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் புதுவை நடுவம் இருக்கிறது. அங்கே தமிழிலக்கணப் பேராசானாக வீற்றிருந்தவர் தி. வே. கோபாலையர். தொல்காப்பியமும் நன்னூலும் அவர் நினைவிலிருந்தே ஊற்றெடுத்து வந்தன. அந்த நினைவுதான் 2005-ல் 17 தொகுதிகள் கொண்ட தமிழ் இலக்கணப் பேரகராதியாக மலர்ந்தது. அவர் 2007-ல் மறைந்தபோது நடமாடும் நூலகம் மறைந்தது என்று நாடே வருந்தியது. நாமும் வருந்தினோம். நூற்பாவை மனப்பாடம் செய்த கோபாலையர் அறிஞர். அல்ஃபிய்யாவை மனப்பாடம் செய்த ஆலிம் மட்டும் மூடரா? ஏன், எதனால்?

பிரெஞ்சுக்காரனுக்கு இந்தக் குழப்பம் வரவில்லை. பாரிஸ் மாநகரிலே 1795-ல் கீழை மொழிகளுக்கென்று ஒரு பள்ளி தோன்றியது. அங்கே அரபு கற்பித்த சில்வெஸ்தர் தெ சாசி 1833-ல் அல்ஃபிய்யாவைத் தாமே பதிப்பித்தார். 1888-ல் பெய்ரூத் நகரிலே பிரெஞ்சு மொழிபெயர்ப்பொன்றும் வெளிவந்தது. தெ சாசி கற்பித்த அதே பள்ளியிலே பின்னர்த் தமிழ் கற்பித்தவர் ஜூலியன் வேன்சோன், நம் காரைக்காலிலே வளர்ந்தவர். புதுவை மிஷன் அச்சுக்கூடம் முசே, துய்புய் பாதிரிமாரின் தமிழ் பிரெஞ்சு அகராதியை 1855-லும் 1862-லும் இரு தொகுதிகளாக அச்சிட்டதும் இதே நூற்றாண்டில்தான். ஆள வந்தவன் செய்த கொடுமைகளுக்கு இது ஈடாகாது. அந்தக் கணக்கு வேறு. ஆனால் அல்ஃபிய்யாவும் தமிழும் ஒரே கூரையின் கீழ்ப் பாடமானதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

மனப்பாடத்துக்கு வக்காலத்து வாங்குகிறோமா என்று தோழர்கள் கேட்கக்கூடும். இல்லை. முஸ்லிம் அறிஞர் உலகிலேயே இதற்கு எதிர்ப்பு எழுந்திருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டிலே, துனிஸ் நகரத்திலே பிறந்து வரலாற்றுக்கே இலக்கணம் வகுத்த இப்னு கல்தூன், சுருக்க நூல்கள் பெருகுவது கல்விக்குக் கேடு என்று வெளிப்படையாக எழுதினார். இப்னு மாலிக்கின் பெயரையும் அந்த இடத்திலே சொன்னார். சொல்லைச் சுருக்கிப் பொருளைத் திணித்தால் மாணவன் முடிச்சை அவிழ்ப்பதிலேயே காலத்தைக் கழிப்பான், மொழி கைவராது என்பது அவர் வாதம். நாம் அந்த வாதத்தின் பக்கம் பாதி சாய்கிறோம். நம் வகுப்புகளிலும் பார்த்ததுதானே! புணர்ச்சி விதியைக் கடகடவென்று ஒப்பிப்பான். ஒரு பக்கக் கடிதம் எழுதச் சொன்னால் ஒற்று மிகும் இடத்தில் விட்டுவிட்டு, மிகாத இடத்தில் போடுவான். 1880-ல் குடந்தைக் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்த உ. வே. சாமிநாதையர் தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கிச் சொன்னபோது, சேலம் இராமசாமி முதலியார் அவற்றை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்றார். கற்ற கல்வி கதவைத் திறந்ததா என்பதே கேள்வி.

திறக்கும் வழியையும் அந்த நூலோர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆசிரியன் சொன்னதை முழுதாக உள்வாங்கினாலும் அது கால் பங்குதான் என்கிறது நன்னூல். உடன்பயிலும் மாணாக்கரோடு கலந்து பேசினால் இன்னொரு கால். பிறருக்கு எடுத்து விளக்கினால் மீதி அரை. மதரசாக்களிலே என்ன செய்கிறார்கள்? பாடத்துக்கு முன்னே தானே படித்துப் பார்ப்பதை 'முதாலஆ' என்கிறார்கள். பாடம் முடிந்த பின்னே மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவன் ஆசிரியனாகி, மற்றவர்கள் மடக்கி மடக்கிக் கேட்பதைத் 'தக்றார்' என்கிறார்கள். மீண்டும் மீண்டும் சொல்லுதல் என்று பொருள். நம் ஊர்த் தகராறு அந்தச் சொல்தான்! மீண்டும் மீண்டும் பேசினால் சண்டை வரும் என்று தெரு கண்டது. அறிவு வரும் என்று வகுப்பு கண்டது. பவணந்தி சொன்ன அந்த முக்கால் பங்கு அங்கே நடக்கிறது.

கேள்வி கேட்போர் இதையெல்லாம் பார்த்துவிட்டா கேட்கிறார்கள்? 2020-ல் அசாம் சட்டமன்றம் அரசு மதரசாக்களைப் பொதுப் பள்ளிகளாக மாற்றச் சட்டம் செய்தது. உத்தரப் பிரதேசத்தின் 2004-ஆம் ஆண்டு மதரசாச் சட்டத்தை 2024 மார்ச்சில் அலகாபாத் உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. அவ்வாண்டு நவம்பர் 5-ல் உச்சநீதிமன்றம், உயர்பட்டம் வழங்கும் பகுதி நீங்கலாகச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. கணக்கும் அறிவியலும் மதரசாப் பிள்ளைக்கு வேண்டும் என்பதை நாமும் வற்புறுத்துகிறோம். கணக்கைச் சேர் என்பது சீர்திருத்தம். வாசலைப் பூட்டு என்றால் அதற்குப் பெயர் வேறு. பணக்கணக்கைப் பாருங்கள்: 2017-18 முதல் மூன்று ஆண்டுகளிலே சமஸ்கிருதத்துக்கு மத்திய அரசு செலவிட்டது 643.84 கோடி ரூபாய். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒடியா ஆகிய ஐந்து செம்மொழிகளுக்கும் சேர்த்து 29 கோடி! உருப்போடுவதே மூடத்தனம் என்றால், இந்த 643 கோடியில் ஓதக் கற்பவர்களுக்குப் போனதை எந்தக் கணக்கில் எழுதுவது?

மதரசாவின் வாடையே தமிழுக்கு ஆகாது என்பாரும் உண்டு. சதாவதானம் செய்து தமிழின் நினைவாற்றலை 1907-ல் சென்னை மேடையிலே நிலைநாட்டியவர் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர். காரைக்காலுக்கு அண்டை ஊரான நாகூரிலே இலக்கணமும் காவியமும் வளர்த்தவர் குலாம் காதிறு நாவலர். அரசியல் நிர்ணய சபையிலே, பழமைதான் அளவுகோல் என்றால் எங்கள் தமிழை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தை எடுத்து வைத்தவர் காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப். இந்த மூவரையும் கழித்துவிட்டுத் தமிழ்ப் பற்றுப் பேசுவதற்கு யாருக்குத் துணிவு வரும்?

புதுவை அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு, 2023-24 கல்வியாண்டு முதல் மத்திய வாரியப் பாடத்திட்டத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. பாவேந்தர் தமிழாசிரியராக வாழ்ந்த மண்ணிலே தமிழிலக்கணம் ஒரு மதிப்பெண் வினாவாகச் சுருங்கிவிடுமோ என்ற அச்சம் நமக்கு உண்டு. அந்த அச்சம் உள்ளவர்களுக்கு அல்ஃபிய்யாவைக் காக்கும் ஆலிம் பகைவரல்லர், ஒரே தொழிலாளி.

ஆகவே புதுவை அரசுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய செலவு வேண்டாம். சிலை வேண்டாம், விழா வேண்டாம். துமாஸ் வீதியில் நன்னூல் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அங்கிருந்து நடக்கும் தொலைவில்தான் காஜியார் வீதி. அரபு இலக்கணம் அறிந்தவர்களை அங்கே கேட்டால் அழைத்து வருவார்கள். இருவரையும் ஒரு மேசையில் அமர்த்தி, இரண்டு நூலையும் அருகருகே வைத்துத் தமிழிலே விளக்கும் சிறு புத்தகம் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். பெயர், வினை, இடையென்று தொடங்கட்டும். இரண்டாம் வேற்றுமை வரும்போது கொற்றனுக்குப் பக்கத்திலே அம்ருக்கும் ஓரிடம் கொடுக்கட்டும். ஒருநாளாவது ஸைது அவனை அடிக்காமல் இருக்கட்டும்.